முதல் மூச்சுக்கு முட்டுக்கட்டை!

பிள்ளை பிறந்ததும் அழ வேண்டும். அழுதால் அகமகிழ்வர் பெற்றோர். அழாவிட்டாலோ அறையே நடுங்கும். வாழ்நாளெல்லாம் அழுகையைக் கண்டு அஞ்சுகிற மனித இனம், ஒரே ஓர் அழுகையை மட்டும் காது குளிரக் கேட்கக் காத்துக் கிடக்கிறது. பிரசவ அறையின் கதவுக்கு அப்பாலிருந்து வருகிற அந்த முதல் அழுகையை! அது எழாமலேயே போகும்படி, அன்னை வயிற்றிலேயே குழந்தையின் கழுத்தில் ஒரு கட்டி வளர்ந்து, மூச்சுக்குழலை நெரித்துக்கொண்டு நிற்குமானால்?

நிற்பதுண்டு, தோழர்களே! நூற்றில் ஒன்றல்ல, ஆயிரத்தில் ஒன்றுமல்ல, பல்லாயிரத்தில் ஒன்று. அபூர்வம் என்று சொல்லி அடுத்த செய்திக்குப் போய்விடலாம். ஆனால், அந்த ஒன்று எவர் வீட்டுத் தொட்டிலுக்கு உரியது என்று முன்கூட்டியே எழுதி வைத்தவர் எவரும் இல்லை. மாளிகையிலும் வரும், மண் குடிசையிலும் வரும். வந்த பிறகு என்ன நேரும் என்பதில்தான் மாளிகைக்கும் குடிசைக்கும் வேறுபாடு முளைக்கிறது. அந்த வேறுபாட்டைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

மூச்சின் அருமையைத் தாம்பரத்துக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஒரு ரயில் நிலையத்துக்கே சானட்டோரியம் என்று பெயர் வைத்துக்கொண்டு வாழ்கிற வட்டாரம் இது! 1928-இல் டாக்டர் சவுரி முத்து அங்கே காசநோயாளருக்கென ஒரு நிலையம் கண்டார். 1937-இல் அரசு அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. இன்றும் அது நெஞ்சக நோய் மருத்துவமனையாக நிற்கிறது. இருமி இருமி எலும்பும் தோலுமாய் ஆனவர்கள் எத்தனை ஊர்களிலிருந்து அங்கே மூச்சைத் தேடி வந்தார்கள்! ஆனால் அவர்கள் மூச்சு விட்டுப் பழகியவர்கள். ஒரு முறையேனும் மூச்சு விட்டறியாத சின்னஞ்சிறு உயிர்களைப் பற்றியது இந்தப் பேச்சு.

கட்டி என்றதும் புற்றுநோய் என்று பதறுவோர் உண்டு. பதற வேண்டாம். பிறந்த குழந்தையின் கழுத்தில் காணும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. ஒரு வகைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் டெரட்டோமா. கரு உருவாகும்போது, எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய உயிரணுக்கள் சில வழி தவறி, போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் ஓரிடத்தில் தங்கி, தம் போக்கில் வளரத் தொடங்கிவிடுகின்றன. வெட்டிப் பார்த்தால் உள்ளே குருத்தெலும்பு இருக்கும், மயிர் இருக்கும், மூளைத் திசு இருக்கும், சிலவற்றில் பல்லும் இருக்கும். இவ்வகைப் பிறவிக் கட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் 20,000 முதல் 40,000 பிறப்புகளுக்கு ஒன்று. பெரும்பாலும் முதுகெலும்பின் அடியில் வரும். கழுத்தில் வருவது அவற்றில் நூற்றுக்கு ஐந்தளவே. வாயின் மேலண்ணத்திலிருந்து புறப்பட்டு, வாய் நிறைந்து வெளியே தொங்குவதும் உண்டு. அது இன்னும் அபூர்வம்.

மற்றொரு வகை, நிணநீர்க் கட்டி. உடலில் நிணநீர் ஓடும் நுண்குழாய்கள் சரிவர இணையாமல், நீர் தேங்கி, திராட்சைக் குலை போலக் கழுத்தில் வீங்கி நிற்பது. டெரட்டோமாவைவிட இது அடிக்கடி வருவது. தொட்டால் மெத்தென்றிருக்கும். பெரும்பாலும் மூச்சுக்குழலை அமுக்காது. ஆனால் நாக்கின் அடியிலும் தொண்டையைச் சுற்றியும் படர்ந்துவிட்டால் அதுவும் காலன்தான். ஈறிலிருந்து காம்பு விட்டுத் தொங்கும் சிறு கட்டி ஒன்றும் உண்டு. ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளிடமே மிகுதி. காம்பை வெட்டினால் கதை முடிந்தது.

டெரட்டோமா என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். அரக்கன், பூதம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்துப் பெயரிட்டவர் ஜெர்மானிய மருத்துவ மேதை விர்ச்சோ. 19-ஆம் நூற்றாண்டில் உயிரணுவிலிருந்தே நோயைத் தேட வேண்டும் என்று உலகுக்குச் சொன்னவர். பிரஷ்யச் சட்டமன்றத்தில் அமர்ந்து பிஸ்மார்க்கையே எதிர்த்து நின்றவர். மக்களின் நோய்க்கு வறுமையும் அறியாமையும் வேர் என்று அரசுக்கே அறிக்கை எழுதியவர். அத்தகைய அறிவாளர்கூட, பழைய உலகம் பூதம் என்று மிரண்டதன் நினைவைப் பெயரிலே விட்டுவைத்தார். பெயரில்தான் பூதம்; பொருளிலே திசு. மேல்நாட்டான் அந்தப் பெயரோடு நிறுத்திக்கொண்டான். நாம்?

கிரகணத்தன்று வெளியே வந்தாள், அதனால்தான் என்கிறாள் அண்டை வீட்டு அம்மை. காய்கறி நறுக்கக் கத்தியை எடுத்தாளாம், கேட்கவில்லையாம் என்கிறாள் அத்தை. முற்பிறவிப் பாவம் என்று முடித்து வைக்கிறார் முற்றும் உணர்ந்த பெரியவர். நிலவின் நிழல் இலட்சக்கணக்கான கல் தொலைவு கடந்து வந்து, முடிச்சூரிலோ முடிச்சூருக்கு அடுத்த தெருவிலோ இருக்கிற ஒருத்தியின் வயிற்றைத் தேடிப் பிடித்து, உள்ளேயிருக்கும் குழந்தையின் கழுத்தைத் தடவிவிட்டுப் போகிறது என்று நம்புவதற்கு எத்தனை துணிச்சல் வேண்டும்! இந்தக் கட்டிகளுக்குத் தாய் எதையும் தின்றது காரணமல்ல, தின்னாதது காரணமல்ல, வெளியே போனதும் காரணமல்ல. பெரும்பாலும் பரம்பரையில் தொடர்வதுமல்ல. மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போக முடியாதபடி இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பழி வரும் என்று அஞ்சுகிறவள் மறைப்பாள். ஸ்கேன் அறிக்கையை மாமியாரிடம் காட்டாமல் மடித்துத் தலையணைக்கு அடியில் வைப்பாள். மறைத்த அந்தத் தாளில்தான் அந்தக் குழந்தையின் மூச்சு இருக்கிறது!

எப்படி என்று கேட்பீர்கள். அதற்கு, வயிற்றுக்குள் அந்தக் குழந்தை எப்படி வாழ்கிறது என்று பார்க்க வேண்டும்.

கழுத்தில் தேங்காய் அளவு கட்டி இருந்தாலும், கருப்பைக்குள் இருக்கும்வரை குழந்தைக்குக் குறையில்லை. நெஞ்சு துடிக்கும், கை கால் அசையும், விரல் சூப்பும். ஏனெனில் அங்கே அது நுரையீரலால் வாழவில்லை. தாயின் குருதியிலிருந்து உயிர்க்காற்றை வடித்தெடுத்து, தொப்புள் கொடி வழியே அனுப்பித் தருகிற ஓர் உறுப்பால் வாழ்கிறது. நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர் நஞ்சுக்கொடி. பத்து மாதம் உயிரூட்டும் உறுப்புக்கு நஞ்சு என்று பெயரிட்டோம்! அந்த நஞ்சுதான் அந்தப் பிள்ளைக்கு அமுதம். பேராபத்து எப்போது வருகிறதென்றால், பிறக்கும்போது. கொடியைத் துண்டித்த அந்தக் கணம் தாயின் மூச்சு நின்றது, தன் மூச்சு தொடங்க வேண்டும், வழியிலோ கட்டி! மூளை காற்றில்லாமல் தாங்குவது ஒரு சில நிமிடங்கள். ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குள் மருத்துவர் குழந்தையின் வாயைத் திறந்து, தொண்டைக்குள் குழாய் செருகிவிட வேண்டும். கட்டியோ குரல்வளையை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருக்கிறது, எங்கே தேடுவது? சரி, கழுத்தில் துளையிடலாமா என்றால், துளையிட வேண்டிய இடத்தின் மேலேயே கட்டி படுத்திருக்கிறது. எதிர்பாராத நேரத்தில் இப்படியொரு குழந்தை கைக்கு வந்து சேர்ந்தால், எவ்வளவு திறமையுள்ள மருத்துவரும் என்ன செய்வார்? பெரும்பாலும் அந்தக் குழந்தை மாண்டுதான் போகும். குற்றம் அவர் கையில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது.

அப்படியானால் கடிகாரத்தை நிறுத்தி வைக்க முடியுமா?

முடியும் என்று காட்டினார்கள். அந்தக் கதை கேட்கத்தக்க கதை. 1981-இல், கருவிலிருந்த குழந்தைக்குக் கருப்பையைத் திறந்தே அறுவை செய்தவர் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத்து மைக்கேல் ஹாரிசன். அவருடைய குழுவினர் வேறொரு நோயோடு மல்லாடிக்கொண்டிருந்தார்கள். வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் இடையிலுள்ள தடுப்புத் தசையில் ஓட்டை இருந்தால், குடல் மேலேறி நுரையீரலை வளரவிடாமல் அமுக்கிவிடும். அந்த நுரையீரலை வளர்ப்பது எப்படி? பிறவியிலேயே மூச்சுக்குழல் அடைபட்டுப் பிறந்த குழந்தைகளின் நுரையீரல் அளவுக்கு மீறிப் பெருத்திருப்பதை முன்பே கண்டிருந்தார்கள். உள்ளே ஊறும் நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, நுரையீரலை ஊதிப் பெருக்குகிறது. ஆகவே, கருவிலிருக்கும் குழந்தையின் மூச்சுக்குழலில் நாமே ஒரு கிளிப்பை மாட்டி அடைத்தால் என்ன என்று எண்ணினார்கள், அடைத்தார்கள். நுரையீரல் வளரலாம், ஆனால் பிறக்கும்போது அந்தக் கிளிப்பைக் கழற்ற வேண்டுமே! கழற்றும்வரை குழந்தை எதைக் கொண்டு வாழும்?

தாயைக் கொண்டே வாழட்டும் என்றார்கள். குழந்தையைப் பாதி வெளியே எடுப்பது. கொடியை அறுக்காமல் வைத்திருப்பது. நஞ்சுக்கொடி தன் வேலையைச் செய்துகொண்டிருக்க, இவர்கள் தங்கள் வேலையை நிதானமாக முடிப்பது. கொடி அறுக்காமல் கழுத்துக் கட்டிக் குழந்தைகளைக் காக்க முயன்றவர்கள் அதற்குச் சற்று முன்பும் ஓரிருவர் இருந்தனர். ஆனால் அதை ஒரு முறையாக வகுத்து, 1997-இல் மருத்துவ ஏட்டில் எழுதி வைத்தவர்கள் இந்தக் குழுவினரே. மனிதன் வைத்த அடைப்பைக் கழற்றக் கண்ட வழி, இயற்கை வைத்த அடைப்புக்கு மருந்தாயிற்று. அதற்கு அவர்கள் சூட்டிய பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் எக்ஸிட் என்று வரும். சினிமாக் கொட்டகையில் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கில் எரிகிறதே, அதே எக்ஸிட்! வெளியேறும் வழி.

அறுவை அறையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இதன் அருமை அப்போதுதான் புரியும். வழக்கமான சிசேரியனில் தாய்க்கு முதுகில் ஊசி, அவள் விழித்திருப்பாள், குழந்தையை எடுத்தவுடன் கருப்பை சுருங்க வேண்டும் என்பதே எல்லாருடைய கவலையும். சுருங்கினால்தான் குருதி நிற்கும். இங்கே எல்லாம் தலைகீழ்! தாய்க்கு முழு மயக்கம். அதுவும் ஆழ்ந்த மயக்கம். கருப்பை சுருங்கவே கூடாது. சுருங்கினால் நஞ்சுக்கொடி பிரிந்துவிடும், பிரிந்தால் குழந்தைக்கு மூச்சில்லை. கருப்பையைத் திறக்கும் விளிம்பில் குருதி கசியாதபடி தையல் இயந்திரம் ஒன்றால் பொருத்திக்கொண்டே திறக்கிறார்கள். குழந்தையின் தலை, கழுத்து, ஒரு கை, இவ்வளவே வெளியே. மிச்ச உடல் தாய்க்குள்ளேயே. வெளியேறும் பனிக்குட நீருக்கு ஈடாக இளஞ்சூட்டில் உப்புநீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கருப்பை வற்றிச் சுருங்கக் கூடாது, கொடி நசுங்கக் கூடாது. வெளியேயுள்ள சின்னஞ்சிறு கையில் நாடித் துடிப்பைக் காட்டும் கருவி மினுக்குகிறது.

அப்போது தொடங்குகிறது தேடல். வாய் வழியே குழாய். முடியாவிட்டால் குழலுக்குள் நுழைந்து பார்க்கும் நுண்கருவி. அதுவும் முடியாவிட்டால் கழுத்தில் துளை. அதற்கும் இடமில்லையென்றால் கட்டியின் நீரை வடிப்பது, அல்லது அங்கேயே கட்டியை விலக்கி வழி காண்பது. ஒன்று தவறினால் அடுத்தது; அடுத்தது தவறினால் அதற்கடுத்தது. பதற்றமில்லை, ஏனென்றால் பிள்ளை இன்னும் தாயின் மூச்சில் இருக்கிறது. ஐந்து நிமிடம் என்றிருந்த கெடு ஏறத்தாழ ஒரு மணி நேரமாகிறது; அதற்கு மேலும் தாங்கிய சான்றுகள் உண்டு. பிலடெல்பியா நகரக் குழந்தைகள் மருத்துவமனையார் 2002-இல் தங்கள் 31 பிரசவங்களின் கணக்கைத் தந்தபோது, இப்படித் தாயோடு இணைந்திருந்த நேரம் சராசரியாக அரைமணி என்றார்கள். குழாய் உள்ளே சென்று, காற்று ஏறுகிறது என்று உறுதியான பிறகுதான் கொடிக்குக் கத்தரி. உடனே தாயின் கருப்பையைச் சுருங்க வைக்க மருந்து. இங்கே கொஞ்சம் தவறினாலும் தாய்க்குக் குருதிப்போக்கு. ஆகவே அவளுக்கென்றே ஒரு மயக்க மருத்துவர், குழந்தைக்கென்று வேறொருவர், மகப்பேற்று மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், குழந்தை அறுவை மருத்துவர், பச்சிளங்குழந்தை மருத்துவர், செவிலியர் என்று இருபது பேருக்கு மேல் அந்த அறையில். ஒருவர் காலை மற்றவர் மிதிக்காமல் நிற்பதற்கே ஒத்திகை பார்க்கிறார்கள். நாடகத்துக்கு மட்டுந்தானா ஒத்திகை!

பிறக்கும்வரை காத்திருக்காமல், உள்ளேயே கட்டியை அறுத்தவர்களும் உண்டு. 2010-இல் அமெரிக்காவின் மயாமி நகரில், ஐந்தாம் மாதத்துக்கும் முன்பே, கருவின் வாயிலிருந்து தொங்கிய கட்டியைத் தாயின் வயிற்றில் ஒரு சிறு துளை வழியே லேசர் ஒளிக்கதிர் செலுத்தி அறுத்தெடுத்தார் டாக்டர் ரூபன் குயின்டெரோ. தாய்க்கு முழு மயக்கம்கூட இல்லை. கட்டி அறுபட்டு மிதந்து போனதை அவளே திரையில் பார்த்தாள். சில மாதங்கள் கழித்துப் பிறந்த குழந்தைக்கு வாயருகே ஒரு சிறு தழும்பே மிச்சம். அது அரிதினும் அரிது. எல்லாக் கட்டிக்கும் ஏற்ற வழியல்ல. எக்ஸிட் முறையோ, நம் இந்திய நாட்டு மருத்துவமனைகளிலும் நடந்தேறியிருக்கிறது; நம் மருத்துவர்கள் கை எவர் கைக்கும் இளைத்ததல்ல.

ஆனால், இருபது பேரும் ஒத்திகை பார்த்து நிற்க வேண்டுமானால், கழுத்தில் கட்டியோடு ஒரு குழந்தை வருகிறது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டுமே! அதுவல்லவா முதற்கேள்வி?

கண்ணுக்குத் தெரியாத கருவைக் காட்டித் தந்த கருவியின் பிறப்பிலேயே கட்டிகளுக்குப் பங்குண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர் அயன் டொனால்ட், தொழிற்சாலைகளில் இரும்புத் தகட்டுக்குள் மறைந்திருக்கும் வெடிப்பை ஒலியலை கொண்டு கண்டுபிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். இரும்பில் தெரிவது சதையில் தெரியாதா? 1955-ஆம் ஆண்டு ஒரு நாள், பெண்களிடமிருந்து அறுத்தெடுத்த கட்டிகளைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு, கொதிகலன் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க மாட்டிறைச்சித் துண்டு ஒன்றும் அங்கே இருந்தது. அலையை அனுப்பினார்கள், எதிரொலி வந்தது, கட்டிக்கும் இறைச்சிக்கும் வேறுபாடு தெரிந்தது! டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர் கருவியைச் செப்பனிட்டார். 1958-இல் லான்செட் ஏட்டில் அவர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான், இன்று சேலையூரிலும் செம்பாக்கத்திலும் தெருவுக்கொன்றாய்ப் பலகை மாட்டியிருக்கிற ஸ்கேன் நிலையங்களுக்குப் பிறவியே வந்தது.

இந்தக் கருவியைக் கொண்டு பெண் சிசுவைத் தேடித் தேடி அழித்த கொடுமையும் இந்த நாட்டில்தான் நடந்தது. 1994-இல் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய நிலை வந்தது. ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு இருந்த ஆவலில் பாதியாவது, கழுத்தும் முகமும் தெளிவாகத் தெரிந்தனவா என்று கேட்பதற்கு இருந்திருந்தால்!

ஐந்தாம் மாத ஸ்கேன் என்று நம் பெண்கள் சொல்வார்களே, 18-இலிருந்து 22 வாரத்துக்குள் எடுப்பது, அதில்தான் இவை பெரும்பாலும் கண்ணில் படும். சில கட்டிகள் அப்போது சிறிதாயிருந்து பின்னால் பெருக்கும். அதற்கும் ஓர் எச்சரிக்கை மணி உண்டு. வயிற்றுக்குள் குழந்தை பனிக்குட நீரை விழுங்கிக்கொண்டே இருக்கும். கட்டி உணவுக்குழலை அமுக்கினால் விழுங்க முடியாது. விழுங்காத நீர் தேங்கும். மாதத்துக்கு மீறி வயிறு பெருக்கும். "என்னடி இது, வயிறு இவ்வளவு பெரிசா இருக்கு, ரெட்டைப் புள்ளையா?" என்று கேட்டு மகிழ்ந்துபோவார்கள் வீட்டுப் பெண்கள். மகிழ்வதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் தேங்கிய நீர் சும்மா இருக்காது. மாதம் நிறைவதற்கு முன்பே, எவரும் எதிர்பாராத ஒரு நள்ளிரவில், பனிக்குடத்தை உடைத்துக்கொண்டு பிரசவ வலியைக் கொண்டுவந்துவிடும்.

கண்டுபிடித்துவிட்டால், பிறகு செய்ய வேண்டியவை பல. எம்.ஆர்.ஐ. எடுத்துக் குழல் எங்கே இருக்கிறது, எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். குழல் தடையில்லாமல் இருந்தால் எக்ஸிட் எல்லாம் வேண்டியதில்லை; ஆயத்தமான மருத்துவர் அருகிருக்கச் சிசேரியனே போதும். மிக மோசமென்றால் கருவைத் தொடர்வதா என்ற கடினமான கேள்வியும் எழும். 24 வாரத்துக்குப் பிறகும் பெருங்குறை இருப்பின் மருத்துவக் குழு முடிவெடுக்க 2021-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இடம் தருகிறது. அந்த முடிவு பெற்றவளுடையது. மேடையில் நிற்கும் எவரும் அவளுக்காக அதை எடுக்க முடியாது.

இனி நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது இது. பெருமைப்பட வேண்டிய கணக்கு. மருத்துவச்சியும் மண் தரையும் அரிவாள்மணையுமாக இருந்த நாட்டை இந்த நிலைக்குக் கொண்டுவந்த கிராமச் செவிலியர்களைக் கைகூப்பி வணங்கலாம். ஆயினும், மருத்துவமனையில் பிறப்பது வேறு, பிறக்க வேண்டிய மருத்துவமனையில் பிறப்பது வேறு. கழுத்தில் கட்டியுள்ள குழந்தைக்கு, பத்துப் படுக்கை உள்ள நர்சிங் ஹோமும் வீட்டுத் திண்ணையும் ஏறத்தாழ ஒன்றுதான்.

முடிச்சூரில் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். கணவன் மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுக்கிறாள். நீளமான அறிக்கை, முழுதும் ஆங்கிலம். கழுத்தில் ஒரு கட்டி, மேல் ஆய்வு தேவை என்று ஒரு வரி அதில் இருக்கிறது. அறிக்கை கொடுத்தவர் "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். கணவனுக்கு ஷிப்ட், காட்டுவது பத்து நாள் தள்ளிப் போகிறது. காட்டிய இடத்தில், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்கிறார்கள். எது பெரிய ஆஸ்பத்திரி? குரோம்பேட்டையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. செங்கல்பட்டில் 1965-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எழும்பூரில் 1844-இலிருந்து மகப்பேற்று மருத்துவமனை இருக்கிறது, அதே எழும்பூரில் குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கிறது. தனியார் மாளிகைகளும் நெடுஞ்சாலை ஓரம் நிமிர்ந்து நிற்கின்றன. ஒரு நாள் கூலியை இழந்து ஒவ்வொன்றாய் ஏறி இறங்கவா? அதற்குள் ஏழாம் மாதம் வருகிறது; வளைகாப்பு; வளையல் குலுங்க அவளைத் திண்டிவனத்துப் பக்கம் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். அறிக்கை முடிச்சூர் வீட்டுப் பீரோவில்! அங்கே நள்ளிரவில் வலி எடுத்தால், அருகிலுள்ள மருத்துவமனையில் பணியிலிருக்கும் டாக்டருக்கு, இந்தக் குழந்தையின் கழுத்தைப் பற்றி யார் சொல்வது?

இத்தனைக்கும் நம்மிடம் என்ன இல்லை? கருவுற்ற ஒவ்வொருத்தியையும் பதிவு செய்து எண் கொடுக்கிறது இந்த அரசு. அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றே சிக்கலாகிறது. 2008-இலிருந்து 108 வண்டி ஓடுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் பேறுகால உதவி 18,000 ரூபாய் என்று 2018-இல் உயர்த்தப்பட்டது. பிறவிக் குறையுள்ள குழந்தைகளைத் தேடிப் பார்க்கும் திட்டம் 2013-இலிருந்து நாடு முழுதும் நடக்கிறது. 1931-இலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலே ஓடுகிறது. எழும்பூர் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்! பொருள் இருக்கிறது, ஆள் இருக்கிறது, பாதை இருக்கிறது. ஒன்றையொன்று கோத்துக் கட்டும் நூல்தான் வலுவாக இல்லை. நம்முடைய ஏட்டிலேயே இதை எழுதுவானேன் என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கலாம். நம் வீட்டுக் கூரையில் ஓட்டை என்று நாம் சொல்லாமல், மழை வந்தா சொல்ல வேண்டும்?

என்ன செய்யலாம்? கட்டி என்று ஸ்கேனில் தெரிந்த அன்றே, அந்த வரியைத் தமிழில், தாய்க்குப் புரியும்படி, அவள் கையிலுள்ள தாய்சேய் அட்டையின் முகப்பிலேயே சிவப்பு மையில் எழுத வேண்டும். ஸ்கேன் நிலையம் தனியாருடையதாயினும் அவள் பதிவெண்ணோடு அச்செய்தி அரசு மருத்துவ அலுவலருக்குப் போக வேண்டும். ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடாது என்பதைக் கண்காணிக்க அலுவலர்கள் ஒவ்வொரு நிலையத்துக்கும் போகிறார்கள் அல்லவா? சொல்ல வேண்டியதைச் சொன்னார்களா என்பதையும் அதே அலுவலர்கள் கேட்கட்டும். இந்தப் பெண் இன்ன மருத்துவமனையில்தான் பிரசவிக்க வேண்டும் என்று ஏழாம் மாதத்துக்கு முன்பே முடிவாகி, அது முடிச்சூரிலும் தெரிந்திருக்க வேண்டும், திண்டிவனத்திலும் தெரிந்திருக்க வேண்டும். நீர் மிகுந்தவளை மாதம் நிறையும்வரை வீட்டில் விட்டுவைக்காமல் அந்த மருத்துவமனைக்கு அருகிலேயே தங்க வைக்க வேண்டும். இதற்கெல்லாம் கோடி கோடியாகக் கொட்ட வேண்டியதில்லை. ஒரு சிவப்புப் பேனா என்ன விலை?

ஸ்கேன் பார்ப்பவருக்குப் போதிய நேரம் தர வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு காலையில் கூட்டம் கூட்டமாய்ப் பெண்களை வரிசையில் உட்கார வைத்துவிட்டு, கழுத்தைப் பார்த்தாயா, உதட்டைப் பார்த்தாயா என்று கேட்பதில் நியாயமில்லை. குழந்தை குப்புறத் திரும்பிக்கொண்டிருந்தால், கொஞ்சம் நடந்துவிட்டு வா அம்மா, மறுபடி பார்க்கிறேன் என்று சொல்ல அவருக்கு மனமும் வேண்டும், நேரமும் வேண்டும். கருவிலிருக்கும் குழந்தைக்கான மருத்துவத்தைத் தனித்துறையாக வளர்த்தவர்கள் இதே சென்னையில், மெடிஸ்கேன் போன்ற நிலையங்களில், இருக்கிறார்கள். அவர்களிடம் பயின்றவர்கள் தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டாரங்களின் அரசு மருத்துவமனைகளில் அமர வேண்டும்.

வழி கிடைத்துப் பிறந்துவிட்ட குழந்தைக்கு அப்புறம் என்ன என்று கேட்பீர்கள். டெரட்டோமாவாயின் சில நாளில் அறுத்தெடுத்துவிடுவார்கள்; பெரும்பாலும் ஒரே அறுவையில் முழுதும் வந்துவிடும். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியும், சுண்ணாம்புச் சத்தைச் சீர்செய்யும் சுரப்பிகளும் கட்டியோடு ஒட்டியிருந்தால் அவற்றுக்குப் பின்னாளில் மருந்து தேவைப்படலாம். கட்டி மீண்டும் தலைகாட்டுகிறதா என்று சில ஆண்டுகள் குருதிச் சோதனை உண்டு. அதைத் தவறவிடக் கூடாது. நிணநீர்க் கட்டியாயின் கத்தியை உடனே எடுப்பதில்லை. நரம்புகளோடு பின்னிக் கிடப்பதால் அறுத்தால் முகம் கோணும், குரல் போகும். 1987-இல் ஜப்பானின் கியோட்டோ நகர மருத்துவர்கள் ஊசியாலேயே அதைச் சுருக்கிக் காட்டினார்கள்; அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது, வீரியம் இழக்கச் செய்த நோய்க்கிருமியிலிருந்து செய்த மருந்து! நம் நாட்டில் பெரிதும் கைகொடுப்பது ப்ளியோமைசின் ஊசி. மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஜப்பானியர்கள் கண்டெடுத்தது. சில வாரங்களுக்கு ஒன்றாய்ப் பல முறை போட வேண்டும். ஒரு தடவை போட்டதும் வீக்கம் கூடினால் பயந்து நிறுத்திவிட வேண்டாம், அது எதிர்பார்த்ததே. ஆனால் மூச்சுத் திணறினால் அந்த நிமிடமே மருத்துவமனை.

கழுத்தில் குழாயோடு வீடு திரும்பும் குழந்தைகளும் உண்டு. அந்தக் குழாயில் சளி அடைக்காமல் உறிஞ்சி எடுக்கத் தாய்க்குப் பழக்கித்தான் அனுப்புவார்கள். அதற்கொரு சிறு மின்கருவி வேண்டும், இரவில் மின்சாரம் வேண்டும், பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 வெள்ளத்தில் எப்படி மூழ்கின என்பதை மறந்தவர் இல்லை. படகில் போய்த்தான் ஆட்களை மீட்டார்கள். மழைக்காலம் தொடங்கும் முன், தாழ்ந்த தெருக்களில் எந்தெந்த வீட்டில் இப்படிக் குழாயோடு குழந்தை இருக்கிறது என்ற பட்டியல், 2021-இல் மாநகராட்சியான தாம்பரத்தின் சுகாதார அலுவலர் மேசையில் இருக்க வேண்டும். முதல் படகு அந்த வீட்டுக்குப் போகட்டும்.